ஒன்று மட்டும்: மாடிப்படி விளக்கில் எக்ஸ்-ஆர் கற்போம்

தாராவியில் பல வீடுகளுக்கு மாடிக்குப் போகும் வழி, வெளியே சந்தில் நிற்கும் இரும்பு ஏணிதான். செங்குத்தாக நிற்கும். பிடித்து ஏற மேலிருந்து ஒரு கயிறு தொங்கும். தையல் பட்டறையில் வேலை முடித்து இரவு பதினொரு மணிக்கு வருகிறவர் கீழே சுவிட்சைத் தட்டுகிறார். விளக்கு எரிகிறது. ஏறி முடித்ததும் மேலே உள்ள சுவிட்சைத் தட்டுகிறார். விளக்கு அணைகிறது. விடியற்காலையில் குழாயில் தண்ணீர் பிடிக்க இறங்குகிறவர் மேலே தட்டிப் போட்டு, கீழே தட்டி அணைக்கிறார். சுவிட்ச் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இருவருமே பார்ப்பதில்லை. எங்கிருந்து தட்டினாலும் விளக்கின் நிலை மாறும், அது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது.

இந்தத் 'தட்டினால் மாறும்' என்ற குணத்துக்குப் பூலியன் இயற்கணிதத்தில் எக்ஸ்-ஆர் என்று பெயர். ஆண்ட் ('இரண்டும்'), ஆர் ('அல்லது'), நாட் ('இல்லை') ஆகிய மூன்றையும் முந்தைய அத்தியாயங்களில் செய்து பார்த்துவிட்டோம். இப்போது நான்காவது. மற்ற மூன்றைவிட இதைப் படித்துப் புரிந்துகொள்வது கடினம், கையால் செய்து புரிந்துகொள்வது எளிது. அதனால் பாடத்தை அரைப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு வயரைக் கையில் எடுப்போம்.

## பொருள்: நான்கு வரி போதும்

கீழ் சுவிட்சுக்கு 'கீ' என்றும், மேல் சுவிட்சுக்கு 'மே' என்றும் பெயர் வைப்போம். ஒரு பக்கம் சாய்ந்தால் 0, மறுபக்கம் சாய்ந்தால் 1. விளக்கு எரிந்தால் 1, அணைந்தால் 0. வட்டத்துக்குள் கூட்டல் போட்ட ⊕ என்பதுதான் இதன் குறி.

0 ⊕ 0 = 0
0 ⊕ 1 = 1
1 ⊕ 0 = 1
1 ⊕ 1 = 0

முதல் மூன்று வரிகளும் 'அல்லது' போலவே இருக்கின்றன. கடைசி வரியில்தான் வேறுபாடு. இரண்டும் 1 ஆக இருந்தால் 'அல்லது' 1 தரும், எக்ஸ்-ஆர் 0 தரும்.

தமிழில் 'அல்லது' என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்வதால்தான் குழப்பம். 'ஆதார் அல்லது வாக்காளர் அட்டை கொண்டு வரவும்' என்று ஓர் அலுவலகத்தில் எழுதியிருந்தால், இரண்டையும் கொண்டு போனால் யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். அது சாதாரண 'அல்லது'. தாதரிலிருந்து மாட்டுங்காவுக்கு வருகிறவர் சென்ட்ரல் லைனில் ஏறி மாட்டுங்காவில் இறங்கலாம், அல்லது வெஸ்டர்ன் லைனில் ஏறி மாட்டுங்கா ரோடில் இறங்கலாம். ஒரு பயணத்தில் இரண்டு வண்டியிலும் உட்கார முடியாது. அது எக்ஸ்-ஆர்.

குறிப்பு: எங்கே 'அல்லது' என்ற சொல்லைக் கண்டாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன?' 'பரவாயில்லை' என்றால் ஆர். 'கூடாது' என்றால் எக்ஸ்-ஆர்.

இந்தக் குழப்பம் பெரியவர்களுக்கும் இருந்திருக்கிறது. பூலியன் இயற்கணிதத்துக்குத் தன் பெயரைத் தந்த ஜார்ஜ் பூல் 1854-இல் தன் முக்கியமான நூலை வெளியிட்டபோது, ஒன்றோடொன்று கலக்காத கூட்டங்களுக்கு மட்டுமே கூட்டல் குறியைப் பயன்படுத்தினார். இரண்டும் சேர்ந்தாலும் சரி என்ற இன்றைய பொருள் பிற்காலத்தில்தான் அந்தக் குறிக்கு வந்தது. சுவிட்சுகளின் இணைப்பை இதே கணக்கால் எழுதிவிடலாம் என்று 1937-இல் தன் முதுகலை ஆய்வேட்டில் காட்டியவர் கிளாட் ஷானன். நம் ஏணி விளக்கு அந்தக் கருத்தின் நேரடி உதாரணம்.

## வாங்க வேண்டியவை

- டூ-வே சுவிட்ச் 2
- 9 வோல்ட் பேட்டரி 1, அதற்கான கிளிப் 1
- சிவப்பு எல்இடி 1
- 470 ஓம் ரெசிஸ்டர் 1
- மூன்று நிறங்களில் மெல்லிய வயர், நிறத்துக்கு ஒரு மீட்டர்
- மல்டிமீட்டர், சிறிய ஸ்க்ரூடிரைவர், ஒரு அட்டைத் துண்டு

சுவிட்சுகள் 90 அடி ரோட்டில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். எல்இடி, ரெசிஸ்டர், பின்னால் வரும் சிப் ஆகியவற்றுக்கு கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோடு போய்விடுங்கள். எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும்.

கடையில் வெறுமனே 'சுவிட்ச்' என்று கேட்டால் ஒன்-வே சுவிட்சைத்தான் எடுத்துத் தருவார்கள். முன்பக்கம் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். திருப்பிப் பாருங்கள். இரண்டு ஸ்க்ரூ இருந்தால் ஒன்-வே, மூன்று இருந்தால் டூ-வே. காசு கொடுப்பதற்கு முன்பே எண்ணிவிடுங்கள்.

எச்சரிக்கை: இந்த அத்தியாயத்தில் நீங்கள் செய்யப்போவது 9 வோல்ட் பேட்டரி மாதிரி மட்டும். வீட்டில் வரும் 230 வோல்ட் லைனில் இதைச் செய்து பார்க்காதீர்கள். மழைக்காலத்தில், ஈரத் தரையில், செருப்பில்லாத காலோடு நிற்கிறவருக்கு ஒரு தவறே கடைசித் தவறாகிவிடலாம். வீட்டு லைனில் கை வைக்க லைசென்ஸ் உள்ள வயர்மேன் வேண்டும். அவரிடம் எப்படி வேலை வாங்குவது என்று கடைசியில் சொல்கிறேன்.

## மாதிரி செய்யும் முறை

1. பொது முனையைக் கண்டுபிடியுங்கள். டூ-வே சுவிட்சின் மூன்று முனைகளில் ஒன்று பொது முனை. சுவிட்ச் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது மற்ற இரண்டில் ஒன்றோடு சேர்ந்திருக்கும். பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும், ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து இரண்டிரண்டு முனையாகத் தொடுங்கள். சுவிட்சைத் தட்டும்போது எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே ஒருபோதும் பீப் வரவில்லையோ, அவை பக்க முனைகள். மீதி இருப்பது பொது முனை. பேனாவால் 'பொ' என்று எழுதிவிடுங்கள். பக்க முனைகளுக்கு 1, 2 என்று எண் போடுங்கள்.

2. சுவிட்சை எந்தப் பக்கம் தட்டினால் பொது முனை எண் 1-ஓடு சேர்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்தில் '1' என்றும் மறுபக்கத்தில் '0' என்றும் சிறு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இரண்டு சுவிட்சுக்கும் செய்யுங்கள். சோம்பல்பட்டு இதைத் தாண்டிப் போனால் பின்னால் அட்டவணை எழுத முடியாது.

3. இரண்டு சுவிட்சுகளையும் அட்டையில் பொருத்துங்கள். ஒன்று கீழே, ஒன்று மேலே. நடுவில் பென்சிலால் ஓர் ஏணி வரையுங்கள். அது விளையாட்டுக்கு அல்ல. எது 'கீ', எது 'மே' என்று மறக்காமலிருக்கத்தான்.

4. பேட்டரி கிளிப்பின் சிவப்பு வயரை 'கீ'-யின் பொது முனையில் முறுக்குங்கள். பேட்டரியை இன்னும் மாட்ட வேண்டாம்.

5. இரண்டு சுவிட்சுக்கும் நடுவே இரண்டு வயர் இழுங்கள். 'கீ'-யின் 1-இலிருந்து 'மே'-யின் 1-க்கு ஒன்று. 'கீ'-யின் 2-இலிருந்து 'மே'-யின் 2-க்கு இன்னொன்று. இரண்டும் வேறு வேறு நிறமாக இருக்கட்டும்.

6. 'மே'-யின் பொது முனையிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர். அதன் மறுமுனை எல்இடியின் நீண்ட காலுக்கு. எல்இடியின் குட்டைக் கால் பேட்டரி கிளிப்பின் கறுப்பு வயருக்கு.

7. எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு பேட்டரியை மாட்டுங்கள்.

ரெசிஸ்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டை 470-ஆல் வகுத்தால் சுமார் 15 மில்லி ஆம்பியர் ஓடும். எல்இடிக்கு அது அளவான தீனி. ரெசிஸ்டர் இல்லாமல் நேரடியாகக் கொடுத்தால் எல்இடி ஒரு நொடி பளிச்சென்று எரிந்துவிட்டுப் போய்விடும்.

## இப்போது அட்டவணையை நீங்களே எழுதுங்கள்

நான்கு நிலைகளையும் வரிசையாகப் போட்டு, எல்இடி எரிகிறதா என்று தாளில் எழுதுங்கள்.

நான் சொன்னபடியே செய்திருந்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. இரண்டும் 0-இல் இருக்கும்போது எரியும். இரண்டும் 1-இல் இருக்கும்போதும் எரியும். வேறு வேறாக இருந்தால் அணையும். நம் அட்டவணைக்கு நேர் தலைகீழ்.

மாலை வகுப்பில் சொல்லிக்கொடுக்கும்போது இந்த இடத்தில்தான் ஒரு தையல் வேலை செய்யும் பெண் எழுந்து, "அண்ணாச்சி, நான் தப்பா மாட்டிட்டேனா?" என்று கேட்டார். தப்பில்லை. ஒன்றை ஒன்றோடும் இரண்டை இரண்டோடும் நேராக இணைத்தால், இரண்டு சுவிட்சும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் கரண்ட் போக வழி கிடைக்கும். இது 'ஒரே மாதிரி இருந்தால் 1' என்னும் செயலி. இதற்கு எக்ஸ்-நார் என்று பெயர். எக்ஸ்-ஆரைத் தலைகீழாக்கியது.

இதை எக்ஸ்-ஆர் ஆக்க ஒரே ஒரு வேலைதான்.

8. பேட்டரியைக் கழற்றுங்கள். 'மே' சுவிட்சில் 1, 2 ஆகிய இரண்டு வயர்களையும் இடம் மாற்றுங்கள். இப்போது நடுவயர்கள் குறுக்காக ஓடும். மறுபடி பேட்டரியை மாட்டி நான்கு நிலையையும் பாருங்கள். 0, 1, 1, 0 வரும்.

ஏணி ஏறுகிறவருக்கு நேரா, குறுக்கா என்பது ஒரு பொருட்டே இல்லை. எப்படி இருந்தாலும் தட்டினால் மாறும். வயர்மேன்களும் அதைக் கவனிப்பதில்லை, கவனிக்கத் தேவையும் இல்லை. ஆனால் நாளை இதே கணக்கை ஒரு சிப்பிலோ கணினியிலோ எழுதும்போது நேருக்கும் குறுக்குக்கும் உள்ள வேறுபாடு முழு விடையையும் புரட்டிப் போட்டுவிடும். ஆகவே எட்டாவது படியை விட்டுவிடாதீர்கள்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

'கீழே ஒரு பக்கம் இருந்தால்தான் மேல் சுவிட்ச் வேலை செய்கிறது.' இந்தக் குறையைப் பழைய வீடுகளில் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். சுவிட்ச் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கி மாட்டுவார்கள், குறை அப்படியே இருக்கும். காரணம், ஏதாவது ஒரு சுவிட்சில் பொது முனைக்குப் போக வேண்டிய வயரும் பக்க முனைக்குப் போக வேண்டிய வயரும் இடம் மாறியிருக்கின்றன. உங்கள் மாதிரியில் வேண்டுமென்றே அப்படி மாற்றிப் பாருங்கள். நான்கு நிலைகளில் ஒரே ஒரு நிலையில் மட்டும் எல்இடி எரியும். இரண்டு சுவிட்சும் குறிப்பிட்ட பக்கம் இருந்தால் மட்டுமே எரிகிற விளக்கு என்றால், அது 'ஆண்ட்' அல்லவா? ஒரு வயர் இடம் மாறியதில் எக்ஸ்-ஆர் ஆண்ட் ஆகிவிட்டது. அட்டவணை எழுதத் தெரிந்தவருக்கு, குறை எந்த இடத்தில் என்று அந்த நான்கு வரியே சொல்லிவிடும்.

எதிலுமே எரியவில்லை. எல்இடியைத் திருப்பி மாட்டியிருப்பீர்கள். நீண்ட கால் ரெசிஸ்டர் பக்கம் இருக்கிறதா பாருங்கள்.

எல்லா நிலையிலும் எரிகிறது. நடுவயர்கள் இரண்டும் எங்கோ தோல் உரிந்து தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஸ்க்ரூவுக்கு வெளியே செம்பு நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டிவிடுங்கள்.

## மூன்று மாடியானால்

கீழ்த்தளம், அதன்மேல் இரண்டு என்று எழும்பிய வீட்டில் மூன்று இடத்தில் சுவிட்ச் வேண்டும். இரண்டு முனையிலும் டூ-வே இருக்கட்டும். நடுவில் இன்டர்மீடியட் சுவிட்ச் என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு நான்கு முனைகள். ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு நடுவயர்களையும் நேராக விடும், மறுபக்கம் சாய்ந்தால் குறுக்காக மாற்றிவிடும். எட்டாவது படியில் நீங்கள் கையால் செய்ததை அது தட்டினாலே செய்துவிடுகிறது. நான்கு, ஐந்து மாடியானாலும் நடுவில் இன்டர்மீடியட் சுவிட்சுகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று சுவிட்சின் எக்ஸ்-ஆர் 'மூன்றில் ஒன்று மட்டும்' அல்ல. 1 ⊕ 1 ⊕ 1 போட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் சேர்ந்து 0. அதோடு 1 சேர்ந்தால் 1. மூன்றுமே 1 ஆக இருந்தாலும் விடை 1. உண்மையில் எக்ஸ்-ஆர் எண்ணுவது, எத்தனை 1 இருக்கிறது, அது ஒற்றைப்படையா என்பதைத்தான். இந்த அத்தியாயத்தின் தலைப்பில் உள்ள 'ஒன்று மட்டும்' இரண்டு உள்ளீடுகளுக்கே பொருந்தும். கல்லூரிப் பிள்ளைகள்கூட இந்த இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும்போது இந்த ஒற்றைப்படைக் கணக்கையே காவலுக்கு வைக்கின்றன. ஏழு பிட் (ஒவ்வொன்றும் ஒரு 0 அல்லது 1) அனுப்பினால், அந்த ஏழின் எக்ஸ்-ஆரை எட்டாவதாகச் சேர்த்து அனுப்பும். வழியில் ஒரு பிட் மாறினாலும் எட்டின் கணக்கு உதைக்கும். இரண்டு பிட் சேர்ந்து மாறினால் கண்டுபிடிக்காது. எந்த மாடியிலும் இரண்டு முறை தட்டினால் விளக்கு பழைய நிலைக்கே வருவதுபோல.

கூட்டல் கணக்கிலும் இதுவே வேலை செய்கிறது. இரண்டு பிட்டுகளைக் கூட்டினால் அந்த இடத்தில் எழுத வேண்டியது எக்ஸ்-ஆர், மனதில் நிறுத்த வேண்டியது ஆண்ட். 1-உம் 1-உம் சேர்ந்தால் 0 எழுதி 1 மீதி. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் உருவாகி 1960-இல் இயங்கத் தொடங்கிய டைஃப்ராக் கணினியும் இந்த இரும விதியில்தான் கூட்டியது. சிப் இல்லாத அந்தக் காலத்தில் வால்வுகளை வைத்தே அதைச் செய்தார்கள்.

## சிப்பில் செய்து பார்க்க

ஒரு கையளவு பிரட்போர்டு, சிடி4070 என்ற 14 கால் சிப், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 2.2 கிலோ ஓம் ஒன்று, சாதாரண ஒன்-வே சுவிட்ச் இரண்டு வாங்குங்கள். ஒரு சிப்புக்குள் நான்கு எக்ஸ்-ஆர் இருக்கும், நமக்கு ஒன்று போதும்.

1. சிப்பின் வெட்டு இடது பக்கம் இருக்கும்படி குத்துங்கள். இடது கீழ்க்கால் 1. அங்கிருந்து வலமாகப் போய், மேலே திரும்பி இடமாக வந்தால் 14.
2. கால் 14 பேட்டரியின் பிளஸ்ஸுக்கு, கால் 7 மைனஸுக்கு.
3. கால் 1, கால் 2 ஒவ்வொன்றையும் தனித்தனி 10 கிலோ ஓம் வழியாக மைனஸுக்கு இணைத்துவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சுவிட்ச் வழியாக பிளஸ்ஸுக்கு இணையுங்கள்.
4. கால் 3-இலிருந்து 2.2 கிலோ ஓம், எல்இடி, மைனஸ்.
5. பயன்படுத்தாத உள்ளீட்டுக் கால்கள் 5, 6, 8, 9, 12, 13 எல்லாவற்றையும் மைனஸோடு கட்டிவிடுங்கள். 4, 10, 11 வெளியீடுகள், அவற்றை எதோடும் இணைக்கக் கூடாது.

மூன்றாவது படியில் வரும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை 'எதற்கு வீண்' என்று விட்டுவிடுவார்கள். அப்போது சுவிட்ச் திறந்திருக்கையில் கால் அந்தரத்தில் தொங்கும். பக்கத்தில் கையைக் கொண்டு போனாலே எல்இடி மினுக்கும். சுவிட்ச் போட்டால் 1, எடுத்தால் உறுதியாக 0 என்று வர அந்த ரெசிஸ்டர் கட்டாயம்.

கடையில் சிடி4070 இல்லையென்று 7486 கொடுத்தால் 9 வோல்ட்டில் மாட்டாதீர்கள். அதுவும் எக்ஸ்-ஆர்தான், ஆனால் 5 வோல்ட்டுக்கானது, கால்களின் வரிசையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சிப் கையைச் சுட்டால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். பிளஸ், மைனஸ் மாறியிருக்கும்.

## பட்டறைக் கணக்கில் எக்ஸ்-ஆர்

தாராவியில் பர்ஸ், பெல்ட் தைத்து அனுப்பும் சின்னப் பட்டறைக்காரர்களுக்கு இந்தச் செயலி விளக்கைவிட இங்கேதான் அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம். எக்செல் தாளில் ஆர்டருக்கு ஒரு வரி. 'சரக்கு போனதா' என்று ஒரு பத்தி, 'பணம் வந்ததா' என்று அடுத்த பத்தி. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0.

இரண்டும் 0 என்றால் சரக்கும் போகவில்லை, பணமும் வரவில்லை. இரண்டும் 1 என்றால் கணக்கு முடிந்தது. இந்த இரண்டைப் பற்றியும் நீங்கள் கவலைப்பட வேண்டாம். வேறு வேறாக இருக்கும் வரியில்தான் ஒன்று உங்கள் பணம் வெளியே நிற்கிறது, இல்லையென்றால் முன்பணம் வாங்கிய சரக்கை நீங்கள் அனுப்ப வேண்டியிருக்கிறது. மூன்றாவது பத்தியில் இரண்டு கட்டங்களின் நடுவே 'சமமில்லை' என்ற <> குறியைப் போட்டு ஒரு சூத்திரம் எழுதுங்கள். எக்ஸ்-ஆர் என்ற பெயரிலேயே ஒரு ஃபங்ஷனும் எக்செல் 2013-இலிருந்து இருக்கிறது. உண்மை என்று வந்த வரிகளை மட்டும் வடிகட்டினால், இன்று யாருக்கு போன் போட வேண்டும் என்ற பட்டியல் கையில் இருக்கும்.

மூன்று எச்சரிக்கைகள். 'ஆம்', 'இல்லை' என்று எழுத்தில் போடாதீர்கள். ஒரு கட்டத்தில் 'ஆம்' என்பதற்குப் பின்னால் ஒரு இடைவெளி விழுந்துவிட்டால் இரண்டும் வேறு என்று சொல்லிவிடும். 'பில் போட்டதா' என்று இன்னொரு பத்தியையும் அந்த ஃபங்ஷனுக்குள் சேர்க்காதீர்கள். மூன்றும் 1 ஆன வரியும் உண்மை என்றே வரும், காரணம் மாடிக் கணக்கில் பார்த்ததுதான். மூன்றாவதாக, பைத்தான் போன்ற கணினி மொழிகள் பலவற்றில் ^ குறி எக்ஸ்-ஆரைக் குறிக்கும், அடுக்கு அல்ல. அங்கே 2^3 என்று எழுதினால் 8 வராது, 1 வரும்.

## எங்கே பயன்படுத்தவே கூடாது

தோல் வெட்டும் கட்டிங் பிரஸ்ஸில் இரண்டு பக்கமும் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் பிரஸ் இறங்க வேண்டும். அது ஆண்ட் வேலை. ஒரு பட்டனைக் கட்டிப்போட்டு ஒரு கையால் வேலை பார்க்கும் பழக்கத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் மீதி ஒரு பட்டனே பிரஸ்ஸை இறக்கிவிடும், மறு கை கத்திக்குக் கீழே இருக்கும். உரிய பாதுகாப்பு அமைப்பில் இரண்டு பட்டனையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும், அடுத்த வெட்டுக்கு முன் இரண்டிலிருந்தும் கையை எடுக்க வேண்டும். வெறும் ஆண்ட் அதற்குப் போதாது. இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு பிரஸ்ஸின் வயரிங்கில் கை வைக்காதீர்கள், கட்டிப்போட்ட பட்டனை அவிழ்த்து மட்டும் விடுங்கள்.

## வீட்டு ஏணிக்கு விளக்குப் போடும்போது

மாதிரி சரியாக வந்துவிட்டது. வீட்டில் போடலாம் என்று ஆசை வரும். வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள், ஏனென்றால் இதே எக்ஸ்-ஆரை ஆளைக் கொல்லும் வழியிலும் செய்ய முடியும்.

சரியான வழியில் பேஸ் வயர் ஒரு சுவிட்சின் பொது முனைக்குப் போகும். மறு சுவிட்சின் பொது முனையிலிருந்து விளக்குக்கு வரும். நியூட்ரல் நேராக விளக்குக்கு வரும், எந்தச் சுவிட்சையும் தொடாது. உங்கள் மாதிரியும் அப்படித்தான்.

வயரை மிச்சம் பிடிக்கிறவர்கள் வேறொன்று செய்வார்கள். கீழே உள்ள சுவிட்சுக்கே பேஸ், நியூட்ரல் இரண்டையும் கொடுப்பார்கள். மேலே உள்ள சுவிட்சுக்கும், பக்கத்துப் போர்டிலிருந்து, இரண்டையும் கொடுப்பார்கள். பொது முனைகள் இரண்டும் விளக்கின் இரண்டு பக்கமும் போகும். ஒரு பக்கம் பேஸ், மறுபக்கம் நியூட்ரல் என்றால் எரியும். இரண்டும் நியூட்ரல் என்றால் அணையும். இரண்டும் பேஸ் என்றாலும் அணையும். அட்டவணை எழுதினால் அச்சு அசலாக எக்ஸ்-ஆர். கணக்கில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் இரண்டும் பேஸாக நிற்கும் நிலையில், அணைந்திருக்கும் விளக்கின் ஹோல்டர் முழுவதும் 230 வோல்ட்டோடு காத்திருக்கிறது. பியூஸ் போன பல்பை மாற்ற இரும்பு ஏணியில் ஏறி ஒரு கையால் ஏணியைப் பிடித்து, மறுகையை ஹோல்டரில் வைக்கிறவருக்கு என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. சுவிட்சுக்குள் பேஸும் நியூட்ரலும் பக்கத்துப் பக்கத்து முனையில் உட்கார்ந்திருப்பதால் பொறி பாய்ந்து ஷார்ட் ஆகும் ஆபத்தும் உண்டு. பக்கத்து வீட்டு நியூட்ரலைக் கடன் வாங்கியிருந்தால் வீட்டிலுள்ள ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும், பிறகு யாரோ ஒருவர் அதையே கழற்றி எறிந்துவிடுவார்.

வேலை வாங்கும் முறை இது:

1. வேலை தொடங்கும் முன் மெயினை அணைக்கச் சொல்லுங்கள். மெயின் பெட்டியருகே வீட்டு ஆள் ஒருவர் நிற்கட்டும். மீட்டர் அறை பொதுவாக உள்ள சால் குடியிருப்பில், பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து தெரியாமல் போட்டுவிடுவது நடக்கக்கூடியது.
2. சுவிட்ச் போர்டு ஏணியைத் தொடாத இடத்தில், மழைச் சாரல் படாத சுவரில் இருக்கட்டும். வெளிச் சந்தில் வைத்தால் மூடியுள்ள பெட்டி வேண்டும்.
3. வயரை ஏணியின் கம்பியில் சுற்றிக் கட்ட விடாதீர்கள். கால் பட்டு, உராய்ந்து, ஒரு மழைக்காலத்துக்குள் தோல் போய்விடும். குழாய்க்குள் விட்டு சுவரோடு கொண்டு போகட்டும்.
4. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் விளக்குக்கு முன் அதைப் போடச் சொல்லுங்கள். அதன் டெஸ்ட் பட்டனை உங்கள் முன்னால் அழுத்திக் காட்டட்டும்.
5. 'நியூட்ரல் எந்த சுவிட்சுக்குள்ளேயாவது போகிறதா?' என்று நேராகக் கேளுங்கள். 'போகும், அதனால் என்ன' என்றால் வேலையை நிறுத்துங்கள்.
6. முடிந்ததும் நான்கு நிலையையும் நீங்களே தட்டிப் பாருங்கள். இரண்டில் எரிய வேண்டும், இரண்டில் அணைய வேண்டும்.
7. அணைந்திருக்கும் நிலைகள் இரண்டு உண்டு. இரண்டிலும், பல்பைக் கழற்றி ஹோல்டரில் டெஸ்டர் வைத்துக் காட்டும்படி வயர்மேனிடம் கேளுங்கள். ஒன்றில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடாதீர்கள். தவறான வயரிங்கில்கூட ஒரு நிலையில் ஹோல்டர் செத்துக் கிடக்கும், மற்றதில்தான் உயிரோடு இருக்கும்.

இரண்டு நிலையிலும் டெஸ்டர் எரியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு கூலியைக் கொடுங்கள்.